1919-இல் நேச நாடுகள் மட்டும் சேர்ந்து ஒலிம்பிக் மாதிரி ஒன்று நடத்தினவாமே, உண்மையா?

உண்மைதான். முதல் உலகப் போர் ஓய்ந்தும், லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பிரான்சில் காத்துக்கிடந்தார்கள். சும்மா இருக்கும் படை வம்பில்தான் முடியும். ஒய்.எம்.சி.ஏ.வின் எல்வுட் பிரவுன் யோசனை சொல்ல, பாரிஸ் அருகே பெர்ஷிங் மைதானம் எழுந்தது. ஜூன் 22 முதல் ஜூலை 6 வரை போட்டிகள். நேச நாட்டுப் படைவீரர்களுக்கு மட்டுமே அனுமதி. ஜெர்மனிக்கு அழைப்பே இல்லை. நடுவில் ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கையும் கையெழுத்தானது.

ஓட்டம், நீச்சல், குத்துச்சண்டை எல்லாம் வழக்கம்போலத்தான். வேடிக்கை என்னவென்றால், கையெறி குண்டு வீசுவதும் ஒரு போட்டி! சுமார் 75 மீட்டர் வீசி ஜெயித்தவர் ஃபிரெட் தாம்சன் என்ற ராணுவப் பாதிரியார். அப்புறம் அவர் ஹாலிவுட்டில் கௌபாய் நாயகனானார். 100 மீட்டரில் வென்ற சார்லி பேடக், மறுவருடம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலும் அதே ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். இந்தப் போட்டி மறுபடி நடக்கவில்லை. மைதானத்தைப் பிரான்சுக்கே கொடுத்துவிட்டார்கள்.