தாகமே இல்லை என்கிறார் மாமனார்

கேள்வி: வேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து என் மாமனார் (வயது 71) சோர்ந்து படுத்தே கிடக்கிறார். பிரஷருக்கு ஒரு மாத்திரை, கால் வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். தண்ணீர் கொடுத்தால் ‘தாகமே இல்லை’ என்கிறார். போன வாரம் விடிகாலையில் பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்து முட்டியில் அடிபட்டுவிட்டது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டில் தினமும் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: சகோதரி, தாகமில்லை என்று அவர் சொல்வது உண்மைதான். வயதானால் உடம்பில் நீர் வற்றினாலும் தாகம் சட்டென்று எடுக்காது. இன்னொன்றும் இருக்கலாம். இந்த வயதில் பல ஆண்களுக்குப் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பெருத்து, அடிக்கடி சிறுநீர் வரும் தொல்லை உண்டு. ராத்திரி நாலு தரம் எழுந்து போகப் பயந்தே தண்ணீரைத் தொடமாட்டார்கள். மருமகளிடம் இதைச் சொல்லக் கூச்சப்படுவார். உங்கள் கணவரை விட்டுப் பக்குவமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

தலைசுற்றி விழுந்ததைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வெயில் காலத்தில் ரத்தக் குழாய்கள் விரிவதால் பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்கும். குளிர்காலத்தில் சரியாக இருந்த அதே மாத்திரை மே மாதத்தில் அதிகமாகிவிடலாம். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் போகிறது. அவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நிற்க வைத்து, 3 நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 குறைந்தால், விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

கால் வீக்கம் எதனால் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அப்படியானால் நீர் மாத்திரை தேவைப்படாமலே போகலாம். இதயம் பலவீனமாகி வந்த வீக்கம் என்றால் அந்த மாத்திரை அவசியம். அதனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

முட்டி வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சில வகைப் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் நீர் வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். வெயில் காலத்தில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம் மூன்றையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

உப்பு விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 2.6 கிராம் உப்பு இருக்கிறது, அது போக 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் உண்டு. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுப்போக்கு வந்தவருக்கும், வெயிலில் வேர்த்து வழிய வேலை செய்பவருக்கும் ஓ.ஆர்.எஸ். அமிர்தம். வீட்டில் படுத்திருக்கும் பிரஷர்காரருக்குத் தினமும் வேண்டாம். இதயக் கோளாறு இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டால், காலை ஆறிலிருந்து மாலை ஆறுக்குள் மணிக்கு ஒரு முறை அரை டம்ளர் தண்ணீரோ, உப்புப் போடாத நீர்மோரோ கையில் கொடுங்கள். ‘வேணுமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் வரும். மாலைக்குப் பிறகு குறைத்துக்கொண்டால் ராத்திரி எழும் தொல்லையும் குறையும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் நல்லது. டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, காலையிலிருந்து மதியம் வரை போகவே இல்லையென்றாலோ உடனே காட்டுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ரத்தப் பரிசோதனை வரும்வரை தினமும் வேண்டாம்.

வீட்டைப் பற்றி. பகலில் காய்ந்த ஷீட் ராத்திரி வெகுநேரம் வரை உள்ளே அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். கூரை மேல் தென்னங்கீற்று போடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பதினொன்றிலிருந்து நாலு வரை அவர் கட்டிலை வேப்பமர நிழலுக்கு மாற்றிவிடுங்கள். அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனல்காற்றைத்தான் வாரி வீசும். ஈரத் துண்டால் கை கால் கழுத்தைத் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால்தான் உடம்பு குளிரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மதியம், வயல் வேலைக்குப் போன அம்மா ஒருவரை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கம்பளி சுற்றியிருந்தது, நெற்றியில் திருநீறு. பிதற்றுகிறார், காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் 41 டிகிரி செல்சியஸ் (சுமார் 106 ஃபாரன்ஹீட்) காட்டியது. பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் தேற வாரக்கணக்கானது. அந்தக் கம்பளியை எடுத்துவிட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

உங்கள் மாமனாரோ, வெளி வேலைக்குப் போகும் வேறு யாரோ, உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால், சொன்னது புரியாமல் விழித்தால், அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). பாராசிட்டமால் அந்தச் சூட்டை இறக்காது. ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும், இன்னொருவர் நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறட்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

இப்போதைக்கு அவர் எழுந்திருக்கும்போது முதலில் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். ராத்திரி பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் போகட்டும். இந்த வாரமே எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். படுத்தும் நின்றும் பார்த்த அந்த இரண்டு பிரஷர் அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.