மறு: ஒய்2கே வெறும் பீதிதானா? பட்டிமன்றத்துக்கு உதவி தேவை

வணக்கம். ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த கணினிகள் 2000 பிறந்ததும் '00' என்பதை 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பும் என்பதுதான் ஒய்2கே சிக்கல். அது வெறும் பீதியல்ல என்று நீங்கள் பேசும்போது, 'ஒன்றுமே நடக்கவில்லையே, அப்புறம் எதற்கு அத்தனை பயம்?' என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஷெஃபீல்டைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் அந்த ஊர் மருத்துவமனையில், கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்ட கணினி, 2000 ஜனவரியிலிருந்து அந்தக் கணக்குக்குத் தேவையான தாயின் வயதையே தப்பாகப் போட்டது. ஆபத்து அதிகமுள்ள 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் 'பயமில்லை' என்று சொல்லிவிட்டார்கள். பிழை தெரிந்தது மே மாதம்தான். அந்தத் தாய்மார்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

விமானங்கள் விழும் என்ற பேச்சு மிகை. அதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். ஆனால் ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த பழைய நிரல்களை, அதாவது கோபோல் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதியவற்றை, இந்திய நிரலாளர்கள் உட்பட ஏராளமானோர் முன்கூட்டியே வரிவரியாகத் திருத்தியிருந்தார்கள். அதை அழுத்திச் சொல்லுங்கள்.