ஒருவர் உறவு வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்களை நெருக்கத்தின்படி பிரிக்கும் டன்பார் வட்டங்களை (5, 15, 50, 150 பேர்) கூட்டினால் 220 வருகிறதே?

கூட்டக்கூடாது, 150-தான் மொத்தம். 5, 15, 50, 150 என்பவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய வட்டங்கள். அந்த 15 பேரில் முதல் 5 பேரும் உண்டு, 50-இல் அந்த 15 பேரும் உண்டு. பாடக்குறிப்பில் வட்டங்களைத் தனித்தனி வரிசையாகப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சரிபார்க்க உங்கள் போனையே எடுங்கள். வாரம் ஒருமுறையாவது பேசுகிறவர்களை எண்ணுங்கள், அப்புறம் மாதம் ஒருமுறையாவது பேசுகிறவர்களை. முதல் பட்டியல் முழுவதும் இரண்டாவதிலும் வந்துவிடும்.

அசைன்மென்ட்டில் 150-ஐ அளந்து கண்ட எண் மாதிரி எழுதிவிடாதீர்கள். எத்தியோப்பியாவில் ஜெலடா குரங்குகளைப் பின்தொடர்ந்து ஆய்வைத் தொடங்கிய ராபின் டன்பார், குரங்கினங்களின் நியோகார்டெக்ஸ் (மூளையின் வெளி அடுக்கு) மூளையின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட எவ்வளவு பெரிது என்ற விகிதத்தையும் கூட்டத்தின் அளவையும் பொருத்திப் பார்த்து, அந்தக் கோட்டை மனிதன் வரை நீட்டிப் பெற்ற மதிப்பீடு அது; 1993 கட்டுரையில் 147.8 என்றிருக்கும், அதற்கே 100 முதல் 231 வரை எதுவாகவும் இருக்கலாம் என்ற பிழை வரம்பு உண்டு. 2021-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டபோது அந்த வரம்பு இன்னும் பெரிதாகி, ஒரே எண்ணைச் சொல்லவே முடியாது என்றார்கள். அதையும் ஒரு வரி சேருங்கள்.