கொரியாவில் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென் கொரியாவில் வீடு எடுத்துக் குடும்பம் நடத்தும் தமிழர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: மாத வாடகையே இல்லாமல், பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து வீடு எடுக்கலாம் என்று தரகர் சொல்கிறார். நம்பி இறங்கலாமா? (வாசகர், சுவோன்)

பதில்: நம் ஊரில் ஒத்திக்கு வீடு பிடிப்பது என்பார்களே, கொரியர்கள் ஜொன்சே என்று சொல்வதும் ஏறத்தாழ அதுதான். வீட்டின் விலையில் பாதிக்கு மேல், சில வேளை முக்கால் பங்கையும் தாண்டிய தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வழக்கமாக இரண்டு ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தை வட்டியில்லாமல் முழுவதும் திரும்பப் பெறுவது இதன் முறை. மாதந்தோறும் வாடகை கொடுப்பதற்கு வொல்சே என்று பெயர். அதிலும் முன்பணம் உண்டு, ஆனால் மிகவும் குறைவு.

சிக்கல் திரும்பப் பெறும் இடத்தில்தான் இருக்கிறது. உரிமையாளர் உங்கள் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. அடுத்து வருபவர் தரும் பணத்தை வாங்கித்தான் பெரும்பாலும் உங்களுக்குத் தருவார். வீட்டு விலை இறங்கிய 2022, 2023ஆம் ஆண்டுகளில் இந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்தது. திட்டமிட்ட மோசடிகளும் வெளிவந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கென 2023இல் தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. ஆகவே நம் வில்லங்கச் சான்றிதழைப் போன்ற பதிவு ஆவணத்தைச் சிறு கட்டணம் கட்டி எடுத்து, வீட்டின்மேல் வங்கிக் கடன் உண்டா என்று ஒப்பந்த நாளில் ஒரு முறையும், மீதிப் பணம் கொடுக்கும் நாளில் மறுமுறையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டவர் முகவரி மாற்றத்தை 15 நாள்களுக்குள் தெரிவித்தால் போதும் என்பது குடியேற்றச் சட்டம். ஆனால் நீங்கள் குடிபுகும் நாளிலேயே அதைச் செய்ய வேண்டும். குடிபுகுந்து, முகவரியையும் பதிந்த பிறகு, மறுநாள் பூஜ்ஜிய மணி முதல்தான் (அதாவது அன்று நள்ளிரவு 12 மணி முதல்தான்) வாடகைதாரரின் உரிமை, வீட்டை வாங்குபவர், அதன்மேல் கடன் கொடுப்பவர் போன்ற மூன்றாம் ஆளுக்கு எதிராகச் செல்லும். அந்த ஒரு நாள் இடைவெளியில் உரிமையாளர் வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கிய கதைகள் உண்டு. அதனால் மறுநாள் வரை புதுக் கடன் எதுவும் வாங்குவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். வட்டார நிர்வாக மையத்தில் ஒப்பந்தத்தின்மேல் தேதி முத்திரை பெற்றிருந்தால்தான், வீடு ஏலத்துக்குப் போனாலும் உங்கள் பணத்துக்கு வரிசையில் இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், கொரிய மொழியில் ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் வரை வொல்சேயில் இருந்துவிடுவதே நல்லது.

கேள்வி: குளிர்காலத்தில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. புளித்த மாவில் ஊற்றினாலும் இட்லி களிபோல் வருகிறது. (வாசகி, தேஜோன்)

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். களிபோல் வருவதற்குக் காரணம் அரிசி. கொரியக் கடைகளில் மூட்டை மூட்டையாக விற்பது குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள அரிசி. அதை உளுந்தோடு அரைத்தால் மாவு பசையாகிவிடும். ஆன்சான், இத்தேவோன் போன்ற இடங்களிலுள்ள தெற்காசிய மளிகைக் கடைகளில் இட்லி அரிசியோ புழுங்கல் அரிசியோ கிடைக்கும். உளுந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தோலுடன் கூடிய பச்சைப்பயறு மட்டும் எந்தக் கொரியக் கடையிலும் கிடைப்பதால், மாவு கைகொடுக்காத வாரத்தில் பெசரட்டு சுடலாம்.

பொங்காததற்கு மருந்து உங்கள் காலடியிலேயே இருக்கிறது. கொரிய வீடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடி அறையைச் சூடாக்கும் ஓண்டோல் முறை உள்ளது. பழைய வீடுகளில் அடுப்படிக்கு அருகிலிருக்கும் தரைதான் மிகவும் சூடாக இருக்குமாதலால், வேலையிலிருந்து தாமதமாக வரும் குடும்பத் தலைவருக்கான சோற்றுக் கிண்ணத்தை அந்த இடத்தில் கம்பளிக்குள் சுற்றி வைப்பார்கள்; சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் சொங்கூக்ஜாங்கும் அங்கேதான் உருவானது. நீங்களும் மாவுப் பாத்திரத்தை ஒரு மடித்த துண்டின்மேல் வைத்து, மேலே பழைய போர்வையைப் போர்த்திவிடுங்கள். துண்டு இல்லாமல் நேரே தரையில் வைத்தால் அடிமாவு மட்டும் முந்திப் புளித்து, மேலே அப்படியே இருக்கும். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. தரையில் பொங்கி வழிந்த மாவை மரப்பலகை இடுக்குகளிலிருந்து சுரண்டி எடுத்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: எந்தக் குப்பையை எந்தப் பையில் போடுவது என்பதே எங்கள் வீட்டில் தினசரிச் சண்டை. தமிழ்ச் சமையலறைக்கென்று ஒரு கணக்குச் சொல்லுங்களேன். (வாசகி, இஞ்சோன்)

பதில்: கொரியாவில் 1995 முதல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. அந்தந்த வட்டாரத்துக்கென விற்கும் பையை வாங்கி அதில் கட்டிவைத்தால்தான் எடுத்துப் போவார்கள். பையின் விலையிலேயே கட்டணம் அடங்கியிருக்கிறது. உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பது 2005இல் தடை செய்யப்பட்டதிலிருந்து அது தனியாகப் போகிறது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால் மூடி திறந்து, கொட்டியதை நிறுத்து, மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்துவிடும் இயந்திரம் இருக்கும். எடைக்குத்தான் காசு என்பதால், சாம்பார் மிச்சத்தை வடிகட்டாமல் கொட்டுவது தண்ணீருக்கும் விலை கொடுப்பதாகும்.

உணவுக் கழிவு பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் மாற்றப்படுகிறது. எனவே குழப்பம் வரும்போதெல்லாம், இதை மாடோ பன்றியோ தின்னுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோறு, குழம்பில் கிடந்த காய், வாழைப்பழத் தோல் ஆகியவை தின்னத் தக்கவை. வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், முட்டை ஓடு, கோழி எலும்பு, நண்டு ஓடு, மாங்கொட்டை, தேயிலைச் சக்கை ஆகியவை உணவுக் கழிவல்ல, பொதுக் குப்பை. தேங்காய்ச் சிரட்டையையும், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையையும் இதே கணக்கில் பொதுக் குப்பையிலேயே சேர்த்துவிடுங்கள். ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்தவற்றை அலசாமல் உணவுக் கழிவில் போடக் கூடாது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். பல குடியிருப்புகளில் அதற்கெனத் தனிக் கலன் வைத்திருக்கிறார்கள். நிறமற்ற பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களை, மேலே ஒட்டிய தாளை உரித்துத் தனியே போட வேண்டும் என்பது 2020 டிசம்பர் முதல் அடுக்குமாடிகளுக்கான விதி. சிறு விவரங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதால் குப்பை அறையிலுள்ள அறிவிப்பைப் படம் எடுத்து மொழிபெயர்த்து, குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள். சண்டை பாதியாகக் குறையும். எங்கள் முதல் மாதத்தில் தவறாகக் கட்டிய பையொன்று, எடுக்க மறுக்கும் எச்சரிக்கைத் தாளோடு வாசலிலேயே மூன்று நாள் கிடந்தது. தெருவில் போவோர் வருவோரெல்லாம் அதைப் பார்த்ததுதான் அபராதத்தைவிடப் பெரிய தண்டனை.

கேள்வி: எங்கள் நான்கு வயது மகன் ஓடுகிறான் என்று கீழ்வீட்டார் இரண்டு முறை புகார் செய்துவிட்டார்கள். காலையில் மிக்ஸி போடவும் பயமாக இருக்கிறது. (வாசகி, சியோல்)

பதில்: மாடிகளுக்கிடையிலான சத்தம் கொரியாவில் அண்டை வீட்டுப் பகைக்கு முதற்காரணம், இதை அவர்களின் சிடுசிடுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தை ஓடுவது, குதிப்பது போன்ற நேரடி அதிர்வுக்கு, ஒரு நிமிடச் சராசரியில் பகலில் 39 டெசிபல், இரவில் 34 டெசிபல் என்று 2023 முதல் வரம்பு கடுமையாக்கப்பட்டுள்ளது. இரவென்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மகன் விளையாடும் இடம் முழுவதும் தடித்த விரிப்பைப் போடுங்கள். மிக்ஸிக்கு அடியில் நான்காக மடித்த துண்டை வையுங்கள். சட்னியை முந்தைய மாலையே அரைத்துவிடுங்கள். கீழ்வீட்டுக்கு ஒரு முறை பழமோ அரிசி இனிப்போ கொண்டுபோய், குழந்தையையும் அழைத்துச் சென்று, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் புகார் வந்தால், நேரில் வாதிடாமல் குடியிருப்பின் நிர்வாக அலுவலகம் வழியாகவே பேசுங்கள்.

கேள்வி: கொரியக் குழந்தைகளும் அப்பா, அம்மா என்றே கூப்பிடுகிறார்கள். கொரிய மொழி தமிழிலிருந்து வந்ததுதானே? (வாசகர், பூசான்)

பதில்: அவர்கள் சொல்வது அப்பா, ஓம்மா. கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு எழுதியதுண்டு. ஆனால் அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. பெற்றோரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உதட்டில் பிறக்கும் ஒலிகளாக அமைவது உலகின் பல மொழிகளில் காணப்படுவதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளித் தோழர்களின் வீட்டில் கூச்சமின்றிப் பேசத் தொடங்குவதற்கு அந்த இரண்டு சொற்கள் உதவுமென்றால் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும். வம்சாவளிக் கதை வேண்டாம்.

கேள்வி: எனக்கு இது ஆறாம் மாதம். பிரசவத்துக்கு அம்மாவை ஊரிலிருந்து அழைக்க விரும்புகிறேன். என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (வாசகி, சுவோன்)

பதில்: குறுகிய கால வருகை விசாவில் அம்மா அதிகபட்சம் 90 நாள்கள் தங்கலாம். ஆகவே ஆவல் மிகுதியில் எட்டாம் மாதமே வரவழைத்துவிடாமல், குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக வரும்படி பயணச்சீட்டை எடுங்கள்; பிள்ளை பெற்ற பிறகுதான் அவர் அதிகம் தேவைப்படுவார். வருகையாளராக வருபவருக்குக் கொரியத் தேசிய மருத்துவக் காப்பீடு கிடையாது என்பதால், ஊரிலேயே பயண மருத்துவக் காப்பீடு எடுத்து, அவர் உண்ணும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

கொரியாவில் பிறப்பதாலேயே குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோர் இருவரும் இந்தியர்கள் என்றால், மருத்துவமனை தரும் பிறப்புச் சான்றைக் கொண்டு சியோலிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து கடவுச்சீட்டுப் பெற வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டம் இப்பதிவுக்கு ஓராண்டு அவகாசம் தருகிறது. ஆனால் கொரியக் குடியேற்ற அலுவலகத்தில் குழந்தைக்கான தங்கும் தகுதிக்குப் பிறந்த 90 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், ஓராண்டு இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே கணவரை அனுப்பி வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

மருத்துவமனையில் வேளைக்கு வேளை மியோக்குக் என்னும் கடற்பாசிச் சூப் வரும். பிள்ளை பெற்றவளுக்கு நம் பூண்டுக் குழம்பைப் போல அவர்களுக்கு அது. பலவற்றில் மாட்டிறைச்சி சேர்ப்பார்கள் என்பதால், உண்பதில்லை என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறந்து இருபத்தொரு நாள் வெளியாரை விடாமல் வாசலில் வைக்கோல் புரி கட்டுவது பழைய கொரிய வழக்கம். அம்மாவிடம் இதைச் சொன்னால், வேப்பிலை செருகும் தம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டு மணிக்கணக்கில் பேசுவார். தூளி கட்ட வேண்டும் என்றும் அவர் கண்டிப்பாகக் கேட்பார். அடுக்ககங்களின் உட்கூரை பெரும்பாலும் பாரம் தாங்காத மெல்லிய பலகை, துளையிட வீட்டு உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். அதனால் தரையில் நிற்கும் இரும்புச் சட்டம் கொண்ட தூளி ஒன்றை இப்போதே வாங்கி வைத்து, ஊரிலிருந்து வரும் பெட்டியில் பழைய பருத்திப் புடவைகள் நான்கு வைக்கச் சொல்லுங்கள்.