கவிழ்த்து வைத்த தாள்

உளவியல் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

தோழிகள் புகழும் ஒன்று எனக்குப் பிடிக்காவிட்டாலும், அவர்கள் முன் நானும் அதைப் புகழ்ந்துவிடுகிறேன். நான் கோழையா? – கல்லூரி மாணவி

உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனை ஒன்று உண்டு. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வரிசையாகத் தவறான கோட்டையே காட்டினார்கள். இப்படிப் பலரைத் தனித்தனியே சோதித்ததில், தங்கள் முறை வந்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அந்தத் தவறை ஒப்பித்தார்கள். மிரட்டல் இல்லை, பரிசும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தவறாகச் சொன்ன சுற்றுகளிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விடைகள் சரியாகவே வந்தன. மனிதர்கள் வளைகிறார்கள், வளைந்தே கிடப்பதில்லை.

அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் ஆமோதிக்கும்போது நான் மட்டும் எப்படி மறுப்பது? – பணியாளர்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். ஒரு விண்ணப்பத்தின் ஓரத்தில் "இவரே தகுதியானவர்" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மற்ற நால்வரும் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவதாக என் முறை வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையாட்டினேன். அந்தப் பென்சில் எழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எழுதி வைத்தது சரி. கடைசிவரை காத்திருந்ததுதான் தவறு. மூன்று பேர் ஒரே குரலில் பேசினாலே அழுத்தம் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும் என்று ஆஷ் கண்டார். ஆகவே முதலிலேயே பேசிவிடுங்கள். முடிந்தால் முந்தைய நாளே ஒருவரிடம் உங்கள் எண்ணத்தைச் சொல்லிப் பாருங்கள். அதே சோதனையில் மற்றவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, தவறுக்கு இணங்குவது ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்தது. நீங்கள் வாய் திறந்தால், அங்கே தயங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு நீங்களே அந்த ஒருவர்.

"ஊர் ஓடினால் ஒத்து ஓடு" என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?

சொன்னார்கள்; "ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்றும் சேர்த்தார்கள். வெள்ளம் வரும்போது நின்று விவாதிக்க முடியாது. பிறருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் பின்பற்றுவது ஒன்று. ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பின்பற்றுவது வேறு. உளவியலும் 1955 முதலே இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. முதலாவதில் எனக்கு மறுப்பில்லை. உங்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது: இவர்களில் யாராவது வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தார்களா, அல்லது முன்னால் ஓடுபவரின் முதுகை மட்டும் பார்த்து ஓடுகிறார்களா?

எல்லோரும் சொல்வதற்கு எதிராகவே நான் பேசுவேன். இதுதானே தனித்தன்மை?

இல்லை. கூட்டம் கிழக்கே போகிறது என்பதற்காக மேற்கே நடந்தாலும், உங்கள் திசையை முடிவு செய்தது கூட்டம்தான்.

மனமில்லாமல் ஒரு விஷயத்துக்குச் சம்மதித்துவிட்டேன். இனி மாற்றிப் பேசினால் அசிங்கம் இல்லையா?

இல்லவே இல்லை. "அன்று ஒப்புக்கொண்டேன், பிறகு யோசித்தபோது மனம் ஒப்பவில்லை" என்று சொல்லுங்கள். இரண்டு வாக்கியம் போதும். நீளமாக விளக்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். அந்தத் தேர்வுக் குழு முடிவெடுத்த பிறகும், நியமன உத்தரவு போவதற்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது.