மேட்ச் முடிந்ததும் ஊரே ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பெரிய மேட்ச், இசை நிகழ்ச்சி என்று எது நடந்தாலும் முடிகிற நேரத்தில் நாலா பக்கமும் டிராஃபிக் ஜாம். ஆம்புலன்ஸ்கூட நுழைய முடிவதில்லை. சாலையை அகலப்படுத்தி, கூடுதலாகப் போலீஸ் போட்டால் சரியாகாதா?

பதில்: ஆகாது. வரும்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரிந்து பிரிந்து வருகிற கூட்டம், முடிந்ததும் மொத்தமாக ஒரே நேரத்தில் வெளியே வருகிறது, சிக்கலே அங்கேதான். சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு லேனில் மணிக்கு 1,000 கார் போனாலே பெரிய விஷயம். அப்படியென்றால் 10,000 கார்கள் 4 லேன்களில் கலைய இரண்டரை மணி நேரம் வேண்டும். எத்தனை போலீஸ் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது, ஆண்டில் சில நாள் கூட்டத்துக்காக வீடுகளை இடித்துச் சாலை போடுவதும் நியாயமில்லை.

காரில் வருகிறவர்களைக் குறைக்க வேண்டும். ஜெர்மனியில் 2006 கால்பந்து உலகக் கோப்பையின்போது மேட்ச் டிக்கெட்டை வைத்தே உள்ளூர் பஸ், ரயிலில் போய்வர முடிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் லண்டன் போட்டிகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு அன்றைய பயண அட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆனால் பஸ் விட்டால் மட்டும் போதாது, அதற்குத் தனி லேன் வேண்டும். கார்களுக்கு நடுவில் பஸ்ஸும் மாட்டிக்கொண்டு நின்றால் அடுத்த தடவை யார் ஏறுவார்கள்? நீங்கள் கேட்ட ஆம்புலன்ஸுக்கும் அந்த லேன்தான் வழி, அதில் ஒரு கார்கூட நிறுத்த விடக் கூடாது.

அப்புறம், நிகழ்ச்சிக்கே போகாதவர்களின் வண்டிகளையும் பார்க்க வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அலுவலக நேரத்தை மாற்றிவைத்தார்கள், லாரிகளை இரவுக்குத் தள்ளினார்கள், எல்லோரும் பயந்த ஜாம் வரவே இல்லை. உங்கள் பகுதியிலும் எந்தச் சாலை எத்தனை மணிக்கு மூடப்படும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியாக வேண்டும். அன்று காலையில் தடுப்பைப் போட்டுவிட்டு மக்களைத் திருப்பி அனுப்புவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து ஒற்றைப்படை எண் வண்டிகளை ஒரு நாள், இரட்டைப்படை எண் வண்டிகளை மறுநாள் என்று ஓட விடும் முறை பலன் தருமா?

பதில்: குறுகிய காலத்துக்குத் தரும். 2008 ஒலிம்பிக்கை ஒட்டி பெய்ஜிங்கில் இரண்டு மாதம் நடைமுறையில் இருந்தது. நீண்ட காலத்துக்கு நம்ப வேண்டாம். மெக்சிகோ சிட்டியில் 1989-இல் ஒவ்வொரு காருக்கும் வாரத்தில் ஒரு நாள் தடை போட்டபோது, பலர் இன்னொரு பழைய காரை வாங்கிக்கொண்டார்கள்.