தையல் கேள்வி-பதில்: பட்டை பிய்ந்து போகாத தோள்பை

கேள்வி: சிலாங்கூரில் 2017 முதல் கடைகளில் நெகிழிப் பைக்கு 20 சென் வாங்குவதால், வீட்டிலேயே துணிப்பை தைக்கத் தொடங்கினேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் என் அம்மா உடுத்திய பாத்தேக் கைலியில் தோள்பை தைக்க விரும்புகிறேன். முன்பு தைத்த பையில் அரிசி வைத்துத் தூக்கியதும் பட்டை பிய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: அன்புள்ள சகோதரி, பட்டையை வாய் மடிப்புக்குள் செருகி ஒரே வரியில் தைத்தால், சுமை முழுவதையும் அந்த ஒரு வரித் தையலே தாங்க வேண்டியிருக்கும். பாத்தேக் கைலியோ மெல்லிய பருத்தித் துணி. ஆகவே பையின் மற்ற வேலைகளைவிடப் பட்டை பொருத்தும் இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் கைலியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உட்காரும் பகுதிதான் முதலில் நைந்திருக்கும்; அதைத் தவிர்த்துவிட்டு, பூவேலை மாறி வரும் தலைப்பகுதி பையின் முன்பக்கத்தில் அமையுமாறு வெட்டினால் அம்மாவின் கைலி என்பது பார்த்தவுடன் தெரியும். கைலி பலமுறை துவைக்கப்பட்டது, இனிச் சுருங்காது. பையின் உட்பக்கத்துக்கு வைக்கும் உள்துணி புதிதாக இருந்தால் மட்டும் அதை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள்.

வெளித்துணியிலும் உள்துணியிலும் 40 செ.மீ. அகலம், 42 செ.மீ. உயரத்தில் இரண்டிரண்டு துண்டுகள் வேண்டும். வெளித்துண்டுகளின் பின்புறத்தில், இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸை ஒட்டிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய கோதுமை மாவுச் சாக்குத் துணியை அடியில் வைத்துச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளலாம். பட்டைக்கு 10 செ.மீ. அகலமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட இரண்டு துண்டுகளை நான்காக மடித்து, இரு ஓரங்களிலும் தைத்தால் 2.5 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும்.

பக்கங்களை இணைப்பதற்கு முன்பே பட்டைகளைப் பொருத்திவிட வேண்டும். ஒவ்வொரு பட்டையின் முனையையும் சிறிது உள்மடித்து, வாய் விளிம்பிலிருந்து 12 செ.மீ. கீழே வரும்படி துண்டின் வெளிப்புறத்தில் வைத்து, பின்னால் ஒரு சிறு கேன்வாஸ் துண்டையும் கொடுத்து, இரு ஓரமும் மேல்நோக்கித் தைத்துக்கொண்டு போய், விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நிறுத்திக் குறுக்கே ஒரு வரி தையுங்கள். அந்த வரிக்குக் கீழே ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தைத்துவிட்டால், சுமை பல வரிகளுக்குப் பிரிந்து போகும். தையலை மிகவும் நெருக்கமாகப் போடுவது பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருங்கிய ஊசித் துளைகள் துணியைக் கிழித்துவிடும், 3 மில்லிமீட்டர் நீளத் தையலே நல்லது. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும்.

பிறகு 1.5 செ.மீ. உள்தள்ளிப் பக்கங்களையும் அடியையும் தைத்து, அடி மூலைகளில் பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு பிடித்து, 8 செ.மீ. நீளத்துக்குக் குறுக்கே தைத்தால் பைக்கு அடிப்பாகம் வந்துவிடும். உள்துணிப் பையையும் இவ்வாறே தையுங்கள். அதன் அடியில் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். வெளிப்பையை உள்துணிப் பைக்குள், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறும் பட்டைகள் நடுவில் அடங்கியிருக்குமாறும் வைத்து வாயைச் சுற்றித் தைத்து, அந்த இடைவெளி வழியாகத் திருப்பி எடுங்கள். இடைவெளியை மூடியபின் வாயோரம் மேல்தையல் ஒன்று அவசியம்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மிதி இயந்திரம். பட்டையின் தடித்த இடங்களில் ஊசி உடைகிறது.
– இன்னொரு வாசகி, அதே ஊர்

பதில்: 16-ஆம் எண் ஊசியை மாட்டுங்கள். தடித்த மடிப்பு வரும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைச்சக்கரத்தை மெல்லச் சுழற்றி அந்தச் சில தையல்களைக் கடந்து செல்லுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதும்.